சுண்ட வைக்கிற வேலை

ஏழாம் நம்பர் மறுபடியும் பின்தங்கி நிற்கிறது.

வட்டமான வெந்நீர்த் தொட்டிக்குள் 12 கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் ஓர் எஃகு ஊசி இறங்கி நைட்ரஜனை ஊதிக்கொண்டிருக்கிறது. 11 குழாய்களில் திரவம் 1 மில்லிக் கோட்டை நெருங்கிவிட்டது. ஏழாவதில் மட்டும் இன்னும் இரண்டரை. ஊசியை மாற்றியாயிற்று. குழாயை மாற்றியாயிற்று. அதன் தலைமேல் இருக்கும் குட்டி வால்வைக் கழற்றி, அசிட்டோனில் ஊறப்போட்டு, துடைத்துத் திரும்ப மாட்டியும் ஆயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி, "அக்கா, அதுக்கு மட்டும் காத்தக் கொஞ்சம் கூட்டி விடட்டா?" என்றான். "கை வெக்காதலா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவன் முகம் வாடிவிட்டது. அன்றிரவு வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், ஏன் கை வைக்கக்கூடாது என்று அவனுக்கு நான் சொல்லவே இல்லை என்பது உறைத்தது. ஆகவே இந்தப் பதிவு.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் சோதனைக்கூடம். 16 வருஷமாக அங்கே இருக்கிறேன். கேமரன் மலையின் சாவி கீரை, ஆற்றுத் தண்ணீர், தொழிற்சாலைக் கழிவுநீர் என்று எது வந்தாலும், அதில் பூச்சிமருந்தோ வேறு நச்சோ எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது எங்கள் தொழில். ரிப்போர்ட்டில் பெயர் வருவது, கலவையைப் பிரித்து எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஜிசி-எம்எஸ் மெஷினுக்கு. விருந்தினர் வந்தால் பாஸ் அதன் முன்னால் நிறுத்தித்தான் படம் எடுப்பார். அதற்கு முந்திய கட்டம், மூலையில், ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டான ஃபியூம் ஹூட்டுக்குள் நடக்கும் கட்டம், யார் கண்ணிலும் படாது. மாதிரியைச் செறிவூட்டும் கருவி என்று தமிழில் சொல்லலாம். எங்கள் லேபில் அது வெறும் 'இவாப்'. புதிதாக யார் வந்தாலும் முதலில் அதில்தான் உட்கார வைப்பார்கள். "சும்மா காய வைக்கிறதுதானே" என்பது அலுவலகத்தின் எண்ணம்.

அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அங்க என்னம்மா செய்யிற?" என்று கேட்டார். குரோமட்டோகிராஃபி என்று ஆரம்பித்து, பாதியில் நானே நிறுத்திக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அவரே பிடித்துவிட்டார். தோட்டத்தில் பால் நிறுக்கும்போது கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பாராம். எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டிவிடும். வாளியில் தண்ணீர் ஊற்றியவர் மாட்டிக்கொள்வார். "அந்த மாதிரி பாக்குறதுதானே?" அந்த மாதிரிதான். ஆனால் எங்களிடம் வரும் வாளியில் நாங்கள் தேடுவது, 1 லிட்டர் தண்ணீரில் 1 கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நீர்த்திருப்பது மெஷினின் கண்ணுக்குத் தெரியாது. முதலில் அளவைக் குறைத்து, இருப்பதைக் கெட்டியாக்க வேண்டும். "அப்ப பால் சுண்டக் காய்ச்சுற" என்றார் அம்மா. எந்தக் கையேடும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

ஆற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 1 லிட்டரைப் பிரிபுனலில் ஊற்றி, 60 மில்லி டைகுளோரோமீத்தேன் சேர்த்துக் குலுக்கி, அடியில் இறங்குவதைப் பிடிக்க வேண்டும். இப்படி மூன்று தடவை. 180 மில்லி சால்வென்ட் சேரும், நாங்கள் தேடும் பொருளைத் தனக்குள் கரைத்துக்கொண்ட கரைப்பான். அதை நீரற்ற சோடியம் சல்ஃபேட் வழியாக விட்டு ஈரத்தை எடுத்த பிறகு, 180 மில்லியை 1 மில்லியாக்க வேண்டும். 1 லிட்டர் ஆறு 1 மில்லிக்குள் வந்துவிடுகிறது, ஆயிரம் மடங்கு. முதல் பெரும்பகுதியைச் சுழலும் குடுவையில், வெற்றிடத்தில் எடுத்துவிடுவோம். லைமன் கிரெய்க் என்ற அமெரிக்கர் 1950-இல் எழுதிய யோசனை அது. ஸ்விட்சர்லாந்தின் பூச்சி நிறுவனம் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. (தமிழில் எழுதினால் அந்தப் பெயர் பூச்சியாகிவிடுகிறது. பூச்சிமருந்து தேடும் லேபுக்குப் பொருத்தம்தான்.) 10 மில்லிக்கு வந்ததும் அதை எடுத்துக் குழாயில் ஊற்றி இவாப்பில் நிறுத்துவோம். என் கதை அங்கேதான் ஆரம்பம்.

தமிழ்ப்பள்ளியில் 'ஆவியாதல்' பாடம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஈரத்துணி எப்போது சீக்கிரம் காயும்? வெயில் அடித்தால், காற்று வீசினால், விரித்துப் போட்டால். பரீட்சைக்கு அந்த மூன்றையும் எழுதினால் முழுப் புள்ளி. வெந்நீர்த் தொட்டி வெயில், நைட்ரஜன் காற்று. பினாங்கில் அக்டோபர் மாதம் துணி காயப்போட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: காற்றே ஈரமாக இருந்தால் எவ்வளவு வெக்கையிலும் துணி காயாது. திரவத்தின் தலைமேல் அதன் ஆவியே போர்வை மாதிரி படிந்து நிற்கும். அந்தப் போர்வையை விலக்கிக்கொண்டே இருந்தால்தான் அடுத்தது எழும்பும். நைட்ரஜனுக்கு உள்ள வேலை அவ்வளவுதான். உலர்ந்தது, எதனோடும் வம்புக்குப் போகாதது. கம்ப்ரஸர் காற்றைப் போட்டால் ஆக்சிஜன், ஈரம், எண்ணெய்ப் புகை எல்லாம் கூடவே வரும்.

சூடு எவ்வளவு? சால்வென்ட்டின் கொதிநிலைக்குக் கீழே. டைகுளோரோமீத்தேன் 39.6 டிகிரியில் கொதிக்கும், ஆகவே தொட்டி 35-ஐத் தாண்டாது. ஹெக்சேனுக்கு 69, அசிட்டோநைட்ரைலுக்கு 82. அங்கே கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஊசி முனை திரவத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும், மட்டம் இறங்க இறங்க ஊசியும் இறங்க வேண்டும். காற்று எவ்வளவு என்பதற்குத்தான் எண் கிடையாது. சூடான கோப்பி ஓவை (பால் சேர்க்காத காப்பி) ஊதும்போது நடுவில் ஒரு குழி விழுமே, அந்த அளவு. குழி விழ வேண்டும், அலை எழும்பக் கூடாது. அலை எழுந்தால் திரவம் கண்ணாடிச் சுவரில் தெறித்து, அங்கேயே காய்ந்து, நீங்கள் தேடும் பொருள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழே 1 மில்லி சரியாக இருக்கும். உள்ளே சரக்கு இருக்காது. தம்பி காற்றைக் கூட்டியிருந்தால் நடந்திருக்கக்கூடியது இது.

நானும் தம்பியாக இருந்த காலம் உண்டு. சேர்ந்த முதல் வருஷம், தெரிந்த அளவு பூச்சிமருந்தைக் கீரையில் கலந்து, கடைசியில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கும் சோதனை. ரெக்கவரி என்போம். ஐரோப்பிய வழிகாட்டுதல்படி 70-இலிருந்து 120 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஏற்கலாம். குழாய்களை மாட்டிவிட்டு, பக்கத்து மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது ஆறு குழாய்களும் எலும்பாகக் காய்ந்திருந்தன. பயந்துபோய், யாருக்கும் தெரியாமல் மறுபடி 1 மில்லி சால்வென்ட் ஊற்றிக் கலக்கி மெஷினுக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை தாள் வந்தது. டைகுளோர்வாஸ் 9 விழுக்காடு.

அப்போது எனக்குச் சீனியராக ஓர் அக்கா இருந்தார், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பைக்கில் வருவார். தாளை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. "காஞ்ச பிறகு எவ்ளோ நேரம் ஊதுச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் எதையும் சொல்வதற்கு முன்பே. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்குத் தாளில் விரலை வைத்துக் காட்டினார். எளிதில் ஆவியாகும் டைகுளோர்வாஸ் கிட்டத்தட்ட மொத்தமாகப் போயிருந்தது. மெத்தாமிடோஃபாஸ் பாதி போயிருந்தது. சைபர்மெத்ரின் மாதிரிக் கனமானவை 90-க்கு மேல் அப்படியே இருந்தன. லேசானவை காணாமல் போய்க் கனமானவை தங்கியிருந்தால் அதிகம் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாமே ஒரே சீராகக் குறைந்திருந்தால் எங்கேயோ கொட்டியிருக்கிறது, தெறித்திருக்கிறது. எல்லாமே ஒரே சீராகக் கூடியிருந்தால், 1 மில்லி என்று நினைத்தது உண்மையில் 1 மில்லி இல்லை. இன்றுவரை ரெக்கவரித் தாளை நான் இந்த வரிசையில்தான் படிக்கிறேன்.

"அர மில்லிக்கு மேல சால்வென்ட் போகுது, அதுக்குக் கீழ சாம்பிள் போகுது." அக்கா சொன்னது. அரை மில்லி என்பது கணக்குப் போட்டு வந்த எண் இல்லை, அவர் கைப் பழக்கம். கடைசிக் கட்டத்தில் ஒரு துளி டொலுவீன் விடச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். டொலுவீனுக்குக் கொதிநிலை 110 டிகிரிக்கும் மேலே. மற்றது எல்லாம் எழுந்து போன பிறகும் அது குழாயின் அடியில் உட்கார்ந்து, லேசானவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாங்கள் அதைக் 'காவல்' என்போம். எல்லாச் சோதனைக்கும் காவல் போட முடியாது. எலக்ட்ரானைப் பிடித்து அளக்கும் டிடெக்டருக்குக் கொடுக்கும் குழாயில் டைகுளோரோமீத்தேன் மிச்சம் இருந்தாலே அதற்குக் கண் கூசிவிடும். அதில் குளோரின் இருக்கிறது. அந்த டிடெக்டர் தேடுவதே குளோரின் மாதிரி எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்பவற்றைத்தான். அங்கே ஹெக்சேனைச் சேர்த்துச் சேர்த்துச் சுண்ட வைத்து, டைகுளோரோமீத்தேனை முழுக்க வெளியேற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்குத் தண்டனை மாதிரியான வேலை.

மீந்த குழம்பைச் சுண்ட வைக்கும்போது அம்மா உப்பு பார்க்கவே மாட்டார். ராத்திரி சரியாக இருந்த உப்பு காலையில் சுண்டக்குழம்பில் கரிக்கும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர்தான் போகும், உப்பு எங்கே போகும்? இவாப்பிலும் அதே கதை. 180 மில்லி சால்வென்ட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அழுக்கு, 1 மில்லியில் 180 மடங்காகிக் கண்ணைக் குத்தும். அது ஆற்றின் அழுக்கா, உன் அழுக்கா என்று குழாய்க்குத் தெரியாது. உன் கைக்கிரீம், கழுவாத குடுவை, விலை குறைந்த சால்வென்ட் எல்லாம் சேர்ந்தே சுண்டும். அதனால்தான் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒன்றுமே இல்லாத ஒரு குழாயையும், பிளாங்க் என்போம், மற்றவற்றோடு சேர்த்து எல்லாப் படிகளிலும் கொண்டுபோகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்பு அந்த பிளாங்க் எங்களுக்கு நான்கு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

திங்கட்கிழமை. சுத்தமாக இருக்க வேண்டிய பிளாங்கில், மெஷின் திரையின் பிற்பகுதியில், கொழுத்த ஒரு பீக், ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று காட்டும் முகடு. நிறை 149. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வயிறு பிசையும். தாலேட் வகைப் பொருட்களின் கையெழுத்து அது. பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்க வைப்பதற்குச் சேர்ப்பார்கள். கையுறை, மூடி, மூடிக்குள் இருக்கும் வளையம், தரை விரிப்பு, எதிலிருந்தும் வரலாம். அந்த வாரம் 20 தண்ணீர் மாதிரிகள் காத்திருந்தன, அவற்றில் தேட வேண்டியதே தாலேட்தான்.

சால்வென்ட்டைப் பாட்டிலிலிருந்து நேராக மெஷினுக்குக் கொடுத்தோம். சுத்தம். சோடியம் சல்ஃபேட்டை 400 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டு மறுபடி பார்த்தோம். பீக் அப்படியே நின்றது. அப்படியானால் அது இல்லை. குடுவைகளை எல்லாம் புதிதாகக் கழுவி, அசிட்டோனில் அலசினோம். பீக் நின்றது. கையுறையை மாற்றினோம். கையுறையே போடாமல் ஒரு தடவை செய்தோம் (பாதுகாப்பு அதிகாரி இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்). நின்றது. புதன்கிழமை சாயங்காலம் மெஷினையே சந்தேகிக்க ஆரம்பித்தார்கள், ஏஜெண்டைக் கூப்பிடலாமா என்று பேச்சு. ஏஜெண்ட் வந்து பெட்டியைத் திறந்தாலே எவ்வளவு என்று பாஸ் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை ஒரு யோசனை வந்தது. இரண்டு குழாய்களில் ஒரே பாட்டிலிலிருந்து 10 மில்லி ஊற்றினேன். ஒன்றை இவாப்பில் மாட்டினேன். மற்றொன்றை அதே ஹூட்டில், நைட்ரஜன் இல்லாமல், வாயில் அலுமினியத் தாளை லேசாகக் கவிழ்த்து, தானாகக் குறையும்வரை விட்டேன். மதியம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தானாகக் குறைந்ததில் பீக் இல்லை. இவாப்பில் குறைந்ததில் கோபுரம் மாதிரி நின்றது. அப்புறம் ஹூட்டின் பின்பக்கம் தலையை நீட்டிப் பார்த்தேன். சுவரிலிருந்து இவாப்புக்கு வரும் நைட்ரஜன் குழாய், போன மாதம்வரை வெள்ளை டெஃப்லானாக இருந்தது, இப்போது கண்ணாடி மாதிரித் தெளிவாக, மெத்தென்று இருந்தது. பழையது மடங்கி வெடித்துவிட்டதாம். பராமரிப்பு அண்ணன் நல்ல மனசோடு, பக்கத்து ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் மீன் தொட்டிக்கு வாங்கும் பிவிசி குழாயை வாங்கி மாட்டியிருக்கிறார். நைட்ரஜன் அதன் வழியாக வரும் ஒவ்வொரு நிமிஷமும், குழாயின் தாலேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்து 12 குழாய்களுக்கும் சமமாகப் பரிமாறியிருக்கிறது.

அண்ணன்மேல் தப்பு இல்லை. அந்தக் குழாய் ஒரு கருவியின் பகுதி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. லாக்புக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இப்போது இருக்கிறது. குழாய் எந்தப் பொருளில் ஆனது, எப்போது மாற்றியது, மாற்றியபின் ஓட்டிய பிளாங்க் எப்படி இருந்தது. ஜிசி-எம்எஸ்ஸுக்கு ஒரு தடித்த புத்தகமும் இவாப்புக்கு அதன் கடைசிப் பக்கமும் என்று இருந்த நிலை அந்த வாரத்தோடு முடிந்தது.

பினாங்குக் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிர்நாட்டில் எழுதிய கையேடுகளில் இது வராது. டைகுளோரோமீத்தேன் வேகமாக ஆவியாகும்போது குழாய் ஜில்லென்று ஆகிவிடும். அதுவும் தொட்டித் தண்ணீர் மட்டம் குறைவாக இருந்தால். ஏர்கான் ஒழுங்காக ஓடாத நாளில், ஐஸ் மைலோ டம்ளருக்கு வியர்ப்பது போலக் குழாய்க்கு வியர்க்கும். வெளியே வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். சில சமயம் வாய்க்கு உட்புறத்திலும் பனித்து, ஒரு துளி உள்ளே வழிந்துவிடும். டைகுளோரோமீத்தேன் தண்ணீரைவிடக் கனம். அந்தத் துளி மேலே மிதந்து மூடிபோலப் படுத்துக்கொள்ளும். ஊசி ஊதுவது அப்போது தண்ணீர்மேல். தண்ணீரை ஆவியாக்க, எடைக்கு எடை, டைகுளோரோமீத்தேனுக்கு வேண்டியதைப்போல் சுமார் 7 மடங்கு வெப்பம் வேண்டும். மணிக்கணக்கில் நின்றாலும் குழாய் அசையாது. இதைத் தெரியாதவர்கள் காற்றைக் கூட்டுவார்கள், சூட்டைக் கூட்டுவார்கள். தெரிந்தவர்கள் குழாயை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு சிட்டிகை சோடியம் சல்ஃபேட் போட்டு, தெளிந்ததை வேறு குழாய்க்கு மாற்றுவார்கள்.

தொட்டிக்கும் கவனிப்பு வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். அதற்குப் பயந்து லேபில் இருப்பதிலேயே சுத்தமான, அயனி முழுக்க நீக்கிய தண்ணீரை ஊற்றுவார்கள் சிலர். அது உலோகத்தையே அரிக்கப் பார்க்கும். வடித்த தண்ணீர் போதும், வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். பாசி பிடிக்கிறது என்று குளோராக்ஸ் (ப்ளீச்) ஊற்றுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எஃகில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்துவிடும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, தொட்டியைக் காலி செய்யாமல் வீட்டுக்குப் போய்விட்டோம். மே மாதம் திரும்பி வந்து மூடியைத் தூக்கினால், உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. சுகாதார இலாகா வந்து பார்த்திருந்தால் பூச்சிமருந்து சோதிக்கும் லேபுக்குக் கொசு வளர்த்ததற்குக் கம்பாவுண்டு (அபராதம்) கிடைத்திருக்கும்.

தொட்டியின் முகப்பில் 35 என்று காட்டினால் 35 என்று நம்பிவிடக்கூடாது என்பதையும் ஓர் ஆடிட்டில்தான் கற்றோம். ஐஎஸ்ஓ 17025 தரத்துக்கான மலேசிய அங்கீகாரத் திட்டத்தில் இருக்கிறோம். ஆடிட் செய்ய வந்தவர் நேராக ஜிசி-எம்எஸ்ஸுக்குப் போவார் என்று எல்லாரும் அங்கே காத்திருந்தோம். அவர் தன் பாட்டுக்கு ஹூட்டைத் திறந்து, தொட்டிக்குள் தெர்மாமீட்டரை விடச் சொன்னார். முகப்பில் 35, உள்ளே 38. டைகுளோரோமீத்தேன் கொதிப்பதற்கு ஒன்றரை டிகிரிதான் பாக்கி. கோடைக்காலத்துத் தொகுப்புகளில் லேசான மருந்துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்ததற்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது. அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். வெளியே சொன்னால் பாஸ் முறைப்பார்.

நைட்ரஜன் தோங் (சிலிண்டர்) கணக்கும் இவாப்காரர் தலையில்தான். ஒரு பெரிய தோங்கில் சுமார் 7 கன மீட்டர், அதாவது 7000 லிட்டர். ஊசிக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டர் என்றால் 12 ஊசிக்கு 6 லிட்டர். 19 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். இரண்டரை வேலை நாள். கசிவு இருந்தால் அதுவும் வராது. புதுத் தோங் மாட்டியதும் எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பேன். காசுக்காக மட்டும் இல்லை. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து. மூடிய அறையில் கசிந்தால், உள்ளே இருப்பவருக்குத் தூக்கம் வருவது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தோங் அறைச் சுவரில் மீட்டர் மாட்டியிருக்கிறோம். அது அடித்தால் முதலில் வெளியே ஓடு, பிறகு யோசி என்று தம்பியிடம் முதல் நாளே சொன்னேன். இதையாவது சொன்னேன்.

பக்கத்து அறையில் இருக்கும் தங்கச்சியின் கருவிக்குச் சால்வென்ட்டே வேண்டாம். தண்ணீரில் ஹீலியத்தைக் குமிழியாக விட்டு, அதில் கரைந்திருக்கும் ஆவிப்பொருட்களை வெளியே துரத்தி, ஒரு பொறியில் பிடித்து, சட்டென்று சூடாக்கி மெஷினுக்குள் தள்ளும். 5 மில்லி தண்ணீர், நிமிஷத்துக்கு 40 மில்லி ஹீலியம், 11 நிமிஷம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பெல்லரும் லிக்டன்பெர்க்கும் 1974-இல் வெளியிட்ட முறை. அதே வருஷம்தான், குளோரின் போட்ட குடிநீரில் குளோரோஃபார்ம் உண்டாகிறது என்று நெதர்லாந்தின் ரூக் எழுதினார். அழகான கருவி, ஆனால் சோப்பு கலந்த கழிவுநீர் வந்துவிட்டால் தீர்ந்தது. நுரை பொங்கி மேலேறிப் பொறிக்குள் போய்விடும், அப்புறம் இரண்டு நாள் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். மாதிரி வந்ததும் பாட்டிலைக் குலுக்கி நுரை பார்த்துவிட்டுத்தான் தங்கச்சி கையெழுத்தே போடுவாள்.

எனக்கு என் இவாப்பிடம் ஒரு மனக்குறை உண்டு. சுழலும் குடுவையில் போகும் சால்வென்ட் குளிர்ந்து திரும்பப் பாட்டிலுக்குள் விழும். எஸ்டபிள்யூ 323 என்று லேபிள் ஒட்டி, ஹாலஜன் கலந்த கழிவாக முறைப்படி லாரியில் ஏற்றிவிடலாம். இவாப்பில் போவது அப்படியே ஹூட் வழியாகக் கூரைக்கு மேலே போகிறது. ஒரு குழாய்க்கு 9 மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை குழாய்கள், 16 வருஷம். கூட்டிப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. 2024-இல் அமெரிக்கா டைகுளோரோமீத்தேனின் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை போட்டு, ஆய்வகங்களுக்குக் கடும் நிபந்தனைகளோடு விட்டுவைத்தது. அதைக் காட்டித்தான் குறைந்த சால்வென்ட்டில் முடியும் முறைகளுக்கு மாறலாம் என்று பாஸிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கீரைக்கு ஏற்கெனவே மாறிவிட்டோம். தண்ணீருக்கு இன்னும் மனம் இரங்கவில்லை.

சரி, ஏழாம் நம்பர். புதன்கிழமை தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மேலே எழுதியதில் பாதியைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் ஒரு காரியம் செய்தான். 12 குழாய்களிலும் வெறும் ஹெக்சேன் 5 மில்லி ஊற்றி, ஒவ்வொன்றும் 1 மில்லிக்கு வர எத்தனை நிமிஷம் என்று குறித்தான். ஏழு மட்டும் பின்தங்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஆறும் எட்டும்கூட ஓரிரண்டு நிமிஷம் தாமதம். 16 வருஷத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை; ஏழையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊசியிலும் வால்விலும் கோளாறு இல்லை என்றால், மிச்சம் இருப்பது மேலே நைட்ரஜனைப் பிரித்துக் கொடுக்கும் வட்டத் தலை. உள்ளே அந்தப் பக்கமாக ஏதோ அடைத்திருக்கலாம், அல்லது தொட்டியின் சூடேற்றும் கம்பி அந்த ஓரத்தில் சோர்ந்திருக்கலாம். "குழாய எல்லாம் ஒரு இடம் தள்ளி வெச்சுப் பாப்பமாக்கா, தொட்டியா தலையான்னு தெரிஞ்சிரும்" என்றான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மாதிரி எதுவும் இல்லை. ஸ்பேனரை எடுத்து வைத்திருக்கிறோம்.